‘எல்லாமே சதி’ என்று நம்பும் கிளையன்ட்: கவுன்சலர் எந்த வழியில் போவது?

பயிற்சி வகுப்புகளில் இளம் கவுன்சலர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது. தூக்கமில்லை, மகளோடு பேச்சுவார்த்தை இல்லை என்று ஒருவர் வருகிறார். இரண்டு செஷன் நல்லபடியாகப் போகிறது. மூன்றாவதில், “சர்க்கரைங்கிறது நோயே இல்ல மேடம். மருந்துக் கம்பெனிக்காரங்க அளவைக் குறைச்சு ஊரையே நோயாளி ஆக்கிட்டாங்க. நான் மாத்திரையை நிறுத்தி நாலு மாசமாச்சு” என்கிறார். கவுன்சலருக்கு நாக்கு துறுதுறுக்கிறது. மறுத்துப் பேசுவதா? காதில் விழாத மாதிரி தூக்கத்துக்கே திரும்புவதா? மகளைக் கூப்பிட்டு உட்கார வைப்பதா? மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல்லிச் சீட்டு எழுதுவதா?

எல்லா வழிக்கும் வக்கீல்கள் இருக்கிறார்கள். மூத்தவர்கள் பலர் “நம்பிக்கையில் கை வைக்காதே” என்பார்கள். புதிய ஆய்வுகளைப் படிக்கிறவர்கள் “ஆதாரத்தைக் காட்டினால் மனசு மாறும்” என்பார்கள். இரண்டும் சில இடங்களில் சரி. ஆனால் எது எங்கே சரி என்பதை, அந்த நம்பிக்கை எவ்வளவு அபத்தமாக இருக்கிறது என்பதைக் கொண்டு முடிவு செய்யக் கூடாது என்பது என் கட்சி. அவர் வாழ்க்கையில் அது என்ன வேலை பார்க்கிறது, அதனால் யாருக்கு எத்தனை நாளில் கேடு வரும் என்பதைத்தான் பார்க்க வேண்டும். பூமி தட்டை என்று நம்பும் ஒருவர் வேளாவேளைக்கு மருந்து சாப்பிட்டு, பெண்டாட்டி பிள்ளைகளோடு சுமுகமாக இருந்தால் நமக்கு அங்கே அவசர வேலை ஒன்றுமில்லை.

இந்தக் கட்டுரை முழுக்க வரும் சர்க்கரைக்காரர் ஒரே ஆள் அல்ல, பலரைச் சேர்த்துச் செய்தவர்.

## எதை வைத்து எடை போடுவது?

மாற்றம் யாருக்கு வேண்டும்? அவராக வந்தாரா, மகள் கையைப் பிடித்து இழுத்து வந்தாளா? நம்மூரில் பாதிப் பேர் இரண்டாவது வகை. மகளின் கோரிக்கையை அப்பாவின் கோரிக்கையாக நினைத்து வேலையைத் தொடங்கினால் எந்த வழியும் தேறாது.

கேடு எவ்வளவு, எப்போது? டைப் 2 சர்க்கரைக்காரர் மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலும் மாதக்கணக்கில் பேச அவகாசம் இருக்கிறது. டைப் 1 உள்ள குழந்தைக்கு ‘இன்சுலின் சதி’ என்று பெற்றோர் ஊசியை நிறுத்தினால் அவகாசம் நாள்கணக்கில்கூட இல்லாமல் போகலாம். அங்கே எந்தப் பேச்சு முறை நல்லது என்று ஒப்பிட்டுக்கொண்டிருக்க முடியாது. குழந்தையை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், தேவைப்பட்டால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைக்க வேண்டும். அந்தரங்கம் காக்கும் கடமைக்கு மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் 23-ஆம் பிரிவே விதிவிலக்கு தருகிறது: வேறொருவருக்குத் தீங்கு வராமல் தடுக்கத் தேவையான அளவு தகவலை வெளியே சொல்லலாம்.

அந்த நம்பிக்கை எந்தப் பசியைத் தீர்க்கிறது? உளவியலாளர்கள் கேரன் டக்ளஸ், ராபி சட்டன், அலெக்ஸாண்ட்ரா சிச்சோக்கா மூவரும் 2017-இல் எழுதிய கட்டுரை இதில் நல்ல வழிகாட்டி. நடப்பதைப் புரிந்துகொள்ளும் தேவை, பாதுகாப்பாகவும் நிலைமை தன் கையில் இருப்பதாகவும் உணரும் தேவை, தன்னையும் தன் கூட்டத்தையும் மதிப்பாக வைத்துக்கொள்ளும் தேவை என்று மூன்றாகப் பிரித்தார்கள். நம் சர்க்கரைக்காரரைப் பாருங்கள். ஓய்வு பெற்றவர். வீட்டில் அவர் சொல் செல்வதில்லை. வாட்ஸ்அப் குழுவிலோ “ஐயா சொன்னா சரியா இருக்கும்” என்று கை கூப்பும் படங்கள் வந்து குவிகின்றன. மாத்திரையை மறுபடி எடுத்தால் அவர் இழப்பது ஒரு கருத்தை மட்டுமல்ல, அந்த ‘ஐயா’வையும்தான்.

உள்ளே எவ்வளவு உண்மை இருக்கிறது? இதைப் பலர் கேட்பதே இல்லை. “அளவைக் குறைச்சுட்டாங்க” என்று அவர் சொல்வது பொய் அல்ல. வெறும் வயிற்றுச் சர்க்கரை 140-ஐத் தொட்டால்தான் நோய் என்றிருந்ததை அமெரிக்க நீரிழிவு சங்கம் 1997-இல் 126 ஆக்கியது. உலக சுகாதார நிறுவனமும் 1999-இல் அதே அளவுக்கு வந்தது. அந்தக் குறைந்த அளவிலேயே கண்ணின் விழித்திரை கெடத் தொடங்குவது தெரியவந்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். சம்பவம் நடந்தது, நோக்கத்தைத்தான் அவர் மாற்றிப் படிக்கிறார். இதைத் தெரிந்துகொள்ளாமல் “அப்படியெல்லாம் யாரும் குறைக்கலை சார்” என்று சொல்லும் கவுன்சலர் அன்றே தோற்றுவிட்டார்.

தடுப்பூசி விஷயமும் இப்படித்தான். 2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி 9 மாதக் குழந்தை முதல் 15 வயதுவரை போடப்பட்டபோது தமிழ்நாட்டில் வாட்ஸ்அப் வதந்திகள் பரவின, பெற்றோர் பலர் மறுத்தார்கள், கால நீட்டிப்பு கொடுக்க வேண்டிவந்தது. ‘ஊசி போட்டால் பிள்ளை பிறக்காது’ என்ற பயத்தைச் சிரித்துத் தள்ளுவது சுலபம். ஆனால் நெருக்கடி நிலைக் காலத்தில் 1976–77 என்ற ஒரே ஆண்டில் 80 லட்சத்துக்கும் மேல் கருத்தடை அறுவைகள், ஏராளமானவை கட்டாயத்தில், நடந்த நாடு இது. 2009-இல் ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசி போட்டார்கள். ஏழு சிறுமிகள் இறந்தார்கள். மரணங்களுக்குத் தடுப்பூசி காரணமல்ல என்றது விசாரணை. ஆனால் பெற்றோருக்குப் பதில் விடுதிக் காப்பாளர்களிடம் கையெழுத்து வாங்கியது போன்ற சம்மத மீறல்களை நாடாளுமன்ற நிலைக்குழு 2013-இல் கடுமையாகக் கண்டித்தது. ‘அரசு நம்மிடம் கேட்காமல் செய்யும்’ என்ற எண்ணம் காற்றில் முளைத்ததல்ல.

## வழி பிரியுமுன்: இது டெலூஷனா?

மனநோயின் அறிகுறியாக வரும் பிறழ் நம்பிக்கையையும் (அதுதான் டெலூஷன்), ஊரே பார்வேர்டு செய்யும் சதிக் கதையையும் முதலில் பிரித்தாக வேண்டும். மனநல மருத்துவருக்கு அனுப்புவதை மற்ற வழிகளோடு ஒன்றாக வைக்காமல் தனியே வைத்தது அதனால்தான்.

பொதுவாக உதவும் அடையாளம், கதையின் நடுவில் யார் இருக்கிறார் என்பது. “தடுப்பூசியில் சிப் வெச்சிருக்காங்க, மக்களைக் கண்காணிக்க” என்பது சதி நம்பிக்கை. “எனக்குப் போட்ட ஊசியில மட்டும் சிப் வெச்சாங்க, எதிர்வீட்டுக்காரர் ராத்திரி அதை இயக்குறார், சத்தம் கேக்குது” என்பது வேறு. முதலாவதில் ஊருக்கே ஆபத்து, அதைச் சொல்ல ஒரு கூட்டமே இருக்கிறது. இரண்டாவதில் இவர் ஒருவரே குறி, கூட்டாளிகூட இல்லை. கூடவே தூக்கம், சாப்பாடு, குளியல், வேலை எப்படியிருக்கிறது, குரல் கேட்கிறதா, குடி, கஞ்சா உண்டா என்று பாருங்கள். அறுபது வயதுக்கு மேல் புதிதாகக் கிளம்பும் சந்தேகம் என்றால் மறதிநோய், தைராய்டு, பி12 குறைவு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். அது நம் வேலை அல்ல, மருத்துவருடையது.

இரண்டு எச்சரிக்கை. ஒன்று, இவை ஒரே ஆளிடம் கலந்தும் இருக்கும். வாட்ஸ்அப் கதையில் தொடங்கி ‘என்னையே தேடுகிறார்கள்’ என்று முடிகிறவர்களும் உண்டு. இன்னொன்று, உண்மையையே நோய் என்று முத்திரை குத்திவிடும் ஆபத்து. வாட்டர்கேட் ஊழலின்போது, அமெரிக்க அட்டர்னி ஜெனரலாக இருந்தவரின் மனைவி மார்த்தா மிட்சல், வெள்ளை மாளிகையில் சட்டவிரோத வேலை நடக்கிறது என்று சொன்னார். புத்தி பேதலித்தவர் என்று ஒதுக்கப்பட்டார். அவர் சொன்னது சரி என்று பிறகு தெரிந்தது. இந்த மாதிரித் தவறுக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். “ஆபீசில் எல்லாரும் சேர்ந்து என்னை வெளியேத்தப் பாக்குறாங்க” என்று ஒரு பெண் சொன்னால், முதலில் ஆபீசைப் பற்றி விசாரியுங்கள். சமூகத்தில் நிலவும் ஒழுக்க, பண்பாட்டு, அரசியல் கருத்துகளோடு ஒத்துப்போகாததை வைத்து ஒருவரை மனநோயாளி என்று சொல்லக் கூடாது என்று 2017 சட்டத்தின் மூன்றாம் பிரிவும் சொல்கிறது.

டெலூஷன் என்று சந்தேகம் வந்தால் மருத்துவரிடம் அனுப்புங்கள். எங்கே போவது என்று தெரியாத குடும்பத்துக்கு அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 தமிழிலும் பேசும். இல்லை என்று தெரிந்தால் கீழே உள்ள ஐந்து வழிகள்.

## வழி 1: தொடாமல் விடுவது

தூக்கத்துக்கு வந்தவருக்குத் தூக்கத்தைப் பார்ப்பது. சதியைப் பற்றி அவர் பேசினால் கேட்டுக்கொள்வது, மேலே கிளறாமல் விடுவது. சோம்பேறித்தனம் என்று இதை ஒதுக்காதீர்கள். பயமும் தனிமையும் குறைந்தால் கதைகளின் பிடியும் தளர்வதைப் பார்க்கிறோம். கேடு இல்லாத நம்பிக்கைக்கு இதுதான் முதல் தெரிவு. கிளையன்டின் அரசியல் நமக்குப் பிடிக்காததாலேயே அதைச் ‘சிகிச்சை’ செய்யக் கிளம்பும் ஆசைக்கும் இது நல்ல கடிவாளம்.

மறைமுகச் செலவு ஒன்று உண்டு. நம்மூரில் தலையாட்டினால் சம்மதம் என்று அர்த்தம். “கவுன்சிலிங் போனேன், அந்த மேடமே ஒண்ணும் மறுக்கல” என்று அன்று மாலையே குழுவில் குரல் பதிவு போய்விடும். அதனால் தொடாமல் விடுவதையும் வாயால் சொல்லிவிட வேண்டும்: “இதுல என் கருத்து வேற சார். ஆனா இன்னிக்கு நாம தூக்கத்தைப் பாப்போம்.” ஒரே வரி. அதைச் சொல்லத் தயங்குகிறவர்கள் இந்த வழியை எடுக்காமல் இருப்பதே மேல்.

## வழி 2: ஆதாரத்தோடு நேரடியாகப் பேசுவது

‘மறுத்தால் நம்பிக்கை இன்னும் இறுகும்’ என்று பலர் இதைத் தொடவே பயப்படுகிறார்கள். அந்தப் பயம் 2010-இல் நைஹனும் ரைஃப்லரும் வெளியிட்ட ஆய்விலிருந்து பரவியது. பிறகு வுட், போர்ட்டர் இருவரும் பத்தாயிரம் பேருக்கு மேல், 52 விஷயங்களில் சோதித்து 2019-இல் வெளியிட்டபோது அந்த எதிர்விளைவு கிட்டத்தட்ட எங்குமே தென்படவில்லை. ஆக, பயம் மிகை. நம்மிடம் நடப்பது வேறு. கிளையன்டின் நம்பிக்கை இறுகுவதில்லை, அவர் அடுத்த வாரம் வருவதில்லை.

இந்த வழிக்குப் புதுத் தெம்பு கொடுத்தது 2024-இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு. காஸ்டெல்லோ, பென்னிகுக், ராண்ட் மூவரும் 2,190 அமெரிக்கர்களை ஜிபிடி-4 டர்போ என்ற செயற்கை நுண்ணறிவோடு உரையாட விட்டார்கள். மூன்றே சுற்று. நம்பிக்கை சராசரியாக 20 சதவீதம் குறைந்தது, இரண்டு மாதம் கழித்தும் அப்படியே இருந்தது. நால்வரில் ஒருவருக்குச் சற்று மேல் நம்பிக்கையிலிருந்து சந்தேகத்துக்கு வந்தார்கள்.

இதைப் படித்துவிட்டு வாதத்துக்குக் கிளம்புமுன் அந்த உரையாடல் எப்படி நடந்தது என்று பார்க்க வேண்டும். முதலில் அவரவர் தன் சதிக் கதையையும் அதற்குத் தான் நம்பும் ஆதாரத்தையும் தானே எழுதினார். பதில் அந்த ஆதாரத்துக்கு மட்டும் வந்தது. பொதுவான சொற்பொழிவு இல்லை. நாம் செய்வதோ நேர் எதிர். அவர் வாய் திறக்குமுன் நம்மிடம் தயாராக இருக்கும் பத்துப் பதிலைக் கொட்டுகிறோம். எதிரே இருந்தது இயந்திரம் என்பதால் அங்கே முகம் சுளிப்பு இல்லை, சலிப்பு இல்லை, ‘இவளிடம் தோற்றுவிட்டேனே’ என்ற மானப் பிரச்சினையும் இல்லை. அந்த 20 சதவீதமும் சராசரிதான். பெரும்பாலோர் நம்பிக்கையை விடவில்லை.

அதற்கு முந்தைய ஆண்டு பிளாஸ் ஒன் இதழில் வந்த தொகுப்பாய்வு 25 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. சதிக் கதையைக் கேட்பதற்கு முன்னாலேயே எச்சரித்து வைப்பதும், ஆதாரத்தைச் சோதிக்கும் முறையைக் கற்றுக்கொடுப்பதும் ஓரளவு பலித்தன. நம்பிய பிறகு மறுப்பதில் பெரிய பலன் இல்லை. கவுன்சலரிடம் வரும்போதோ எல்லாம் நம்பி முடிந்திருக்கும்.

ஏன் பலிப்பதில்லை என்பதற்கு நம்மூர் உதாரணம் ஒன்று போதும். நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று கோவிட் தடுப்பூசி போட்டுக்கொண்டார். மறுநாள் மயங்கி விழுந்தார். 17-ஆம் தேதி இறந்தார். இதயத்தின் முக்கிய ரத்தக்குழாயில் முழு அடைப்பு இருந்ததாக மருத்துவமனை சொன்னது. மரணத்துக்குத் தடுப்பூசி காரணமல்ல என்று மத்திய அரசின் நிபுணர் குழு அதே ஆண்டு அக்டோபரில் முடிவு சொன்னது. இதைச் சொல்லிப் பாருங்கள். “கவர்மென்ட் கமிட்டி வேற என்ன சொல்லும்?” என்பார். ஆதாரம் எங்கிருந்து வருகிறதோ அதன்மீதுதான் அவருக்குச் சந்தேகம். அந்த நிலையில் ஆதாரம் ஒவ்வொன்றும் சதியின் அடுத்த அத்தியாயமாகிவிடும்.

எப்போது இந்த வழி நல்லது? அரைகுறையாக நம்புகிறவரிடம். “இப்படிச் சொல்றாங்களே மேடம், உண்மையா?” என்று கேட்கிறவரிடம். அவர் கேள்வி கேட்டிருக்கிறார், பதில் சொல்லுங்கள், தயங்காதீர்கள். இங்கே போய் ‘நீங்க என்ன நினைக்கிறீங்க?’ என்று திருப்பிக் கேட்பது எரிச்சலைத்தான் கிளப்பும். அவர் ஆதாரத்தில் இருக்கும் உண்மைத் துண்டை முதலில் ஒப்புக்கொண்டு தொடங்குங்கள்: “அளவை 97-ல குறைச்சது நிஜம் சார். ஏன் குறைச்சாங்கன்னு நான் படிச்சதைச் சொல்லவா?”

## வழி 3: ஊக்க நேர்காணல்

மோட்டிவேஷனல் இன்டர்வியூ என்று நாம் பேச்சில் சொல்வது. குடிநோயாளிகளிடம் வேலை செய்த வில்லியம் மில்லர் 1983-இல் முன்வைத்து, பிறகு ஸ்டீபன் ரோல்னிக்கோடு சேர்ந்து வளர்த்த முறை. மாற வேண்டியதன் காரணத்தை நாம் சொல்வதில்லை, அவர் வாயிலிருந்து வரவைக்கிறோம். கனடாவின் கியூபெக்கில் அர்னோ கான்யூர் குழுவினர் பிரசவ வார்டிலேயே தாய்மாரிடம் இந்த முறையில் சிறிது நேரம் பேசிப் பார்த்தார்கள். பிள்ளைக்குத் தடுப்பூசி போட நினைக்கும் தாய்மார் கூடினார்கள். பிறகு அந்த மாகாணமே இதைப் பிரசவ மருத்துவமனைகளில் நடைமுறையாக்கியது.

நம் சர்க்கரைக்காரரோடு இது ஏறக்குறைய இப்படிப் போகும்:

“நீங்களும் மாத்திரை சாப்பிடத்தானே சொல்லப்போறீங்க?”

“முடிவு உங்களோடது சார். உங்க உடம்பு. நிறுத்தினதுக்கப்புறம் எப்படி இருக்கு?”

“நல்லாத்தான் இருக்கு. ராத்திரிதான் நாலஞ்சு தடவை எந்திரிச்சுப் போக வேண்டியிருக்கு.”

“நாலஞ்சு தடவை. தூக்கமில்லைன்னுதானே எங்கிட்ட வந்தீங்க.”

“ம்.”

“இது ரெண்டுக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்குமோன்னு உங்களுக்கு எப்பவாவது தோணியிருக்கா?”

கொஞ்ச நேரம் பேசமாட்டார். பிறகு, “பொண்ணும் அதைத்தான் சொன்னா. அவ சொல்ற விதம்தான் பிடிக்கலை.”

கம்பெனிக்காரன் நல்லவனா கெட்டவனா என்ற வழக்கு அப்படியே கிடக்கட்டும். அவர் வந்த காரணமும் அவர் மறைத்த காரணமும் ஒரே இடத்தில் சந்தித்துவிட்டன. அடுத்து, “ஒரு தடவை சர்க்கரை பாத்துக்கலாம்ங்கிறதுல பத்துக்கு எவ்வளவு இருக்கீங்க?” என்று கேட்கிறோம். “மூணு” என்கிறார். இங்கேதான் புதியவர்கள் சறுக்குகிறார்கள். “ஏன் மூணு மட்டும்?” என்று கேட்டால் பார்க்காமல் இருப்பதற்கான காரணங்கள் வரிசையாக வரும். “ஏன் பூஜ்யம் சொல்லாம மூணு சொன்னீங்க?” என்று கேட்டால் பார்ப்பதற்கான காரணத்தை அவரே தேடுவார்.

மறைமுகச் செலவு மூன்று. பயிற்சி இல்லாமல் செய்தால் வெறும் ஆமாம் சாமி ஆகிவிடும். முறையாகச் செய்தாலும், நம் இலக்கு முன்கூட்டியே முடிவானது என்று தெரிந்தால் அவருக்கு அது நைச்சியமாகத்தான் தோன்றும். சதியை மோப்பம் பிடிக்கிறவருக்கு அந்த வாசனை சீக்கிரம் தெரியும், அதனால் “மாத்திரை எடுத்தா நல்லதுன்னு நான் நினைக்கிறேன், மறைக்கல” என்று சொல்லிவிடுவது நல்லது. மூன்றாவது, இது நடத்தையை மாற்றும், நம்பிக்கையை அல்ல. மாத்திரையைப் போட்டுக்கொண்டே கம்பெனிக்காரனைத் திட்டுவார். எனக்கு அது போதும். குடும்பத்துக்குப் போதாமல் இருக்கலாம்.

## வழி 4: சிபிடி முறையில் சோதித்துப் பார்ப்பது

சிபிடி என்பது எண்ணங்களையும் நடத்தையையும் சேர்த்துப் பார்க்கும் பேச்சு சிகிச்சை. அதற்கு வித்திட்ட மனநல மருத்துவர் ஆரன் பெக் 1952-இலேயே ஒரு டெலூஷன் நோயாளியோடு உட்கார்ந்து அவர் எண்ணத்தின் ஆதாரங்களை ஒவ்வொன்றாகப் பரிசோதித்ததை எழுதியிருக்கிறார். சைக்கோசிஸுக்கான (நிஜத்தோடு தொடர்பு அறும் மனநோய்) சிபிடி அந்த வழியில் வளர்ந்தது. அதற்குக் குறைந்தது 16 செஷன் என்று பிரிட்டனில் சிகிச்சை நெறிகளை வகுக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதல் சொல்கிறது. சதி நம்பிக்கைக்கு அத்தனை தேவைப்படாது, ஆனாலும் இரண்டு மூன்றில் முடிகிற வேலை இல்லை.

இந்த வழியில் எனக்குப் பிடித்தது, அவரையே நீதிபதி ஆக்குவது. 126 என்ற அளவை அவர் ஏற்க மாட்டார். சரி, “எந்த அளவு வந்தா நீங்க யோசிப்பீங்க சார்? நீங்களே சொல்லுங்க.” அவர் 200 என்கிறார். எழுதிக்கொள்ளுங்கள். “வீட்டு மெஷின் மேல நம்பிக்கை இருக்கா? இல்ல எந்த லேப்?” அதையும் முதலிலேயே கேட்டு எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் 240 வந்ததும் “மெஷினும் அவங்க பண்ணதுதானே” என்பார். எத்தனை நாள், எந்த நேரம், எவ்வளவு வந்தால் மருத்துவரைப் பார்ப்பது எல்லாம் அவர் கையெழுத்தில். அவருடைய மருத்துவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இதோடு யோசிக்கும் பழக்கத்தையும் பார்க்கலாம். நிற மணிகள் கலந்த இரண்டு ஜாடி, எதிலிருந்து மணி எடுக்கிறார்கள் என்று ஊகிக்கச் சொல்லும் பழைய சோதனை ஒன்று இருக்கிறது. டெலூஷன் உள்ளவர்கள் ஒன்றிரண்டு மணியிலேயே முடிவுக்கு வந்துவிடுவது பலமுறை தெரிந்திருக்கிறது. சதி நம்பிக்கை அதிகம் உள்ளவர்களிடமும் இந்த அவசரத்தைக் கண்ட ஆய்வுகள் உண்டு. ஹாம்பர்க்கின் ஸ்டெஃபன் மோரிட்ஸ் குழு இதைச் சரிசெய்ய மெட்டாகாக்னிட்டிவ் பயிற்சியை உருவாக்கியது. அதில் நோயாளியின் சொந்த நம்பிக்கையைத் தொடாமலேயே அவசர முடிவின் ஆபத்தை விளையாட்டுபோலக் காட்டுகிறார்கள்.

செலவு, நேரமும் காசும். வீட்டுப்பாடம் செய்யாதவருக்கு இது ஒத்துவராது. நிறையப் படித்து, வாதத்தில் ருசி கண்ட கிளையன்டிடம் இது முடிவில்லாத பட்டிமன்றமாகும் அபாயமும் உண்டு.

## வழி 5: குடும்பம் வழியாக

அவர் வரவே மாட்டேன் என்கிறார், மகள் மட்டும் அழுதுகொண்டு வருகிறாள் என்றால் இதுவே வழி. குடிநோயாளிகளின் குடும்பத்துக்காக ராபர்ட் மேயர்ஸ் உருவாக்கிய கிராஃப்ட் முறையிலிருந்து கடன் வாங்கலாம்: சண்டையைக் குறை, நல்ல நேரத்தைக் கூட்டு, ஆளைக் கதையிலிருந்து தனியாகப் பார். நடைமுறையில், மகள் “லூசு மாதிரி பேசாதீங்கப்பா” என்பதை நிறுத்துகிறாள். உண்மைச் சரிபார்ப்பு லிங்க் அனுப்புவதை நிறுத்துகிறாள். வாரம் ஒருநாள் அப்பாவோடு மார்க்கெட் போகிறாள், மீன் நல்லதா என்று அவரிடம் கேட்கிறாள். ‘ஐயா’ என்று கூப்பிட வாட்ஸ்அப்பில் மட்டும் ஆள் இருக்கும் நிலை கொஞ்சம் மாறுகிறது.

குடும்பத்தை உள்ளே விட்டதும் முதல் வேலையாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: “அவருக்குத் தெரியாம சாப்பாட்டுல மாத்திரையைக் கலக்குறீங்களா?” நம் வீடுகளில் இது சகஜம், அன்பினால்தான் செய்கிறார்கள். சர்க்கரை மாத்திரையில் சிலவற்றை இப்படிக் கொடுத்து, அவர் அன்று சாப்பிடாமல் விட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும். அது ஒருபுறம். ‘எனக்குத் தெரியாமல் என் உடம்பில் மருந்து செலுத்துகிறார்கள்’ என்று சந்தேகப்படுகிறவருக்கு அதையே நிஜமாகச் செய்து காட்டுகிறோம். ஒருநாள் சாம்பாரின் அடியில் பாதி கரைந்த மாத்திரையைப் பார்த்துவிட்டால் பிறகு எந்தக் கவுன்சலரும் உள்ளே நுழைய முடியாது.

## ஒரே பார்வையில்

| வழி | யாருக்கு ஏற்றது | எடுக்கும் காலம் | மறைமுகச் செலவு | தவிர்க்க வேண்டிய இடம் |
|---|---|---|---|---|
| தொடாமல் விடுவது | கேடில்லாத நம்பிக்கை, வேறு பிரச்சினைக்கு வந்தவர் | கூடுதல் நேரம் இல்லை | மௌனம் சம்மதமாகிவிடும் | உயிர், குழந்தை, வன்முறை ஆபத்து |
| நேரடி ஆதாரம் | அரை நம்பிக்கை, தானே கேட்பவர் | ஒன்றிரண்டு செஷன் | கிளையன்ட் திரும்பி வராமை | ஆதாரம் தரும் இடத்தையே சந்தேகிப்பவர் |
| ஊக்க நேர்காணல் | மருந்து, தடுப்பூசி போன்ற நடத்தை மாற்றம் | சில செஷன் | பயிற்சி தேவை. நம்பிக்கை மாறாது | உடனடி ஆபத்து |
| சிபிடி சோதனை | ஆர்வமுள்ள, எழுதிப் பார்க்கத் தயாரானவர் | மாதக்கணக்கு | பணம், நேரம், பட்டிமன்ற ஆபத்து | இழுத்துவரப்பட்டவர் |
| குடும்பம் வழி | வர மறுப்பவர் | மாதக்கணக்கு | அந்தரங்கம் உடையும். ரகசிய மருந்து | வீட்டில் அடி, உதை உள்ள இடம் |

## நானாக இருந்தால்

பெரும்பாலும் மூன்றாவதில் தொடங்குவேன். அதில் கதவு அடைபடுவதில்லை. அங்கிருந்து ஆதாரத்துக்கோ சோதனைக்கோ போகலாம். ஆனால் ஆதாரத்தில் தொடங்கிச் சண்டையாகிவிட்டால் திரும்பிவருவது கடினம். தூக்கமும் குடும்பமும் சரியாகி, மாத்திரையும் எடுக்கிறார், கதையை மட்டும் விடவில்லை என்றால் முதல் வழிக்கு வந்துவிடுவேன். கதையையும் பிடுங்கியே தீருவேன் என்று நிற்பது என் அகங்காரம்.

விதிவிலக்கு, சதிக் கதை ஆளை அடிக்கக் கிளப்பும் இடங்கள். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், பிள்ளை பிடிக்கிறவர்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தியை நம்பிய கூட்டம் கோயிலுக்கு வந்த ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றது. “அந்த ஆளைச் சும்மா விடக் கூடாது மேடம்” என்று கிளையன்ட் ஒரு குறிப்பிட்ட மனிதரைக் காட்டிச் சொன்னால், அது நம்பிக்கையைப் பற்றிய உரையாடல் அல்ல. யாரை, எப்போது, எதைக்கொண்டு என்று அப்போதே கேட்க வேண்டும். மேற்பார்வையாளரை அன்றே அழைக்க வேண்டும்.

கவுன்சலருக்கே அந்தக் கதையில் பாதி நம்பிக்கை இருந்தால்? நடக்கிறது, நாமும் அதே குழுக்களில்தான் இருக்கிறோம். அப்போது கிளையன்டை வேறொருவரிடம் அனுப்புவது கௌரவக் குறைச்சல் அல்ல. எதிர்ப்பக்கமும் உண்டு. கிளையன்டின் கதை நம் மதத்தையோ சாதியையோ குறிவைப்பதாக இருந்தால், பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்று யாரும் நம்மைக் கட்டாயப்படுத்த முடியாது.

கடைசியாகக் கேஸ் குறிப்பு. ‘சதி நம்பிக்கை உடையவர்’ என்று எழுதாதீர்கள். அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள், எத்தனை உறுதி என்று அவர் சொன்ன எண்ணைப் பக்கத்தில் போடுங்கள், மாத்திரை எப்போது நின்றது, கடைசியாகச் சர்க்கரை எவ்வளவு என்று தேதியோடு குறியுங்கள். சிகிச்சை பெறுபவர் தன் அடிப்படைப் பதிவுகளைப் பார்க்கும் உரிமையை 2017 சட்டத்தின் 25-ஆம் பிரிவு தருகிறது. தன்னைப் பற்றி யாரோ எங்கோ ரகசியமாக எழுதி வைக்கிறார்கள் என்று நினைப்பவர், அந்தத் தாளை ஒருநாள் கேட்டு வாங்கிப் படிப்பார்.